எழுபது புளியங்கொட்டைகள்

மதுரையில் ஆவணி மூலத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு நாள், சொக்கநாதரும் மீனாட்சியும் புட்டுத்தோப்பு மண்டபத்துக்கு எழுந்தருளுவார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப் பெருமானும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அங்கே வந்து சேருவார்கள். பிட்டுக்கு மண் சுமந்த லீலை ஜனத்திரளின் நடுவே நடத்திக் காட்டப்படும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் 64 விளையாடல்களில் இது 61-ஆவது. வைகை பெருகிக் கரை உடைந்து, ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக் கரையை அடைத்தாக வேண்டுமென்று அரசாணை பிறந்தபோது, பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு ஆள் துணை இல்லாமற்போகவே, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு இறைவனே கூடையும் மண்வெட்டியுமாக வந்து நின்றான் என்பதும், அவன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் முதல் சராசரம் அனைத்தின் மேலும் விழுந்தது என்பதும் நம் பாட்டிமார் சொல்லி நாமெல்லாம் அறிந்த கதை.

கதை சொல்வோர் வழக்கமாக அந்தப் பிரம்படியில் வந்து நின்றுவிடுவார்கள். எனக்கோ அதற்கு முந்திய பகுதியிலேயே மனம் தங்குகிறது. அந்தக் கூலியாள் அன்று பகல் முழுவதும் என்ன செய்தான்? வயிறாரப் பிட்டுத் தின்றான், பேருக்குச் சில கூடை மண் கொட்டினான், பாடினான், ஆடினான், மர நிழலில் படுத்துத் தூங்கினான். கரையை ஒரு நொடியில் அடைத்துவிடும் வல்லமை அவனுக்கு உண்டு. இறுதியில் ஒரு கூடை மண்ணால் அடைத்தும் காட்டுகிறான். அப்படியிருந்தும், உடலுழைப்பால் பிழைக்கும் மனிதனின் உருவத்தை எடுத்துக்கொண்ட கடவுள், அவனுடைய சுமையோடு அவனுடைய தூக்கத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான் என்று நம் முன்னோர் பாடி வைத்ததும், அந்த முழுச் செயலுக்கும் விளையாடல் என்றே பெயரிட்டதும், ஓய்வும் விளையாட்டும் சோம்பேறித்தனத்தின் உறவினர்கள் அல்ல என்பதை இந்நாட்டு ஜனங்கள் எவ்வளவு தீர்க்கமாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்று நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கிரஹஸ்தரையோ, உத்தியோகத்துக்கும் போய்க் குடித்தனத்தையும் சுமக்கும் ஒரு தாயையோ பார்த்து, நீங்கள் விளையாடுவதுண்டா என்று கேட்டால், பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போய்விட்டு வாசலில் காத்திருப்பதைச் சொல்வார்கள். ஓய்வு எப்போது என்று கேட்டால், மார்ச்சு மாதக் கணக்கு முடியட்டும், பெண்ணின் கலியாணம் முடியட்டும், வீட்டுக்கடன் தீரட்டும் என்பார்கள். வேலையை விட்டு விலகும் நாளுக்கே 'ஓய்வு பெறுதல்' என்று நாம் பெயர் வைத்துவிட்டதால், ஓய்வு என்பது பிராயம் முதிர்ந்தபின் உத்தரவு மூலம் கையில் கொடுக்கப்படும் வஸ்து என்ற எண்ணம் நம்மை அறியாமலே உள்ளே ஊறிவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு அந்த வயது 2020-ல் 58-லிருந்து 59-க்கும், மறு ஆண்டு 60-க்கும் உயர்ந்தது. அதுவரை ஒருவர் விளையாடாமலும் இளைப்பாறாமலும் இருந்துவிட்டால், அந்த நாள் வரும்போது இளைப்பாறும் வித்தையே மறந்துபோயிருக்கும்.

உழைப்பவனுக்கு ஒழிவு நேரம் தானாக வந்த வரம் அன்று. 1881-ல் இந்தியாவில் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், 7 வயது நிறைந்த குழந்தைகளை நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. பெரியவர்களுக்கோ எல்லையே வகுக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-ல் ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டி வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கேட்கத் தொடங்கினார்; 1890 ஜூன் 10-ந் தேதிதான் அவரால் ஆலை முதலாளிகளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமையைப் பெற முடிந்தது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள், நண்பகல் இடைவேளை அரை மணியே என்பதால் ஓடிப்போய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்று முறையிட்டதும், 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு ஒரு காரணம். ஒரு மாபெரும் இயக்கத்தின் தோற்றுவாயில் சோற்றுக்கும் இளைப்பாறலுக்கும் சில நிமிஷங்கள் கேட்ட அந்த எளிய கோரிக்கை நிற்பதை நினைக்கையில் என் நெஞ்சு கனக்கிறது. 1923 மே 1-ந் தேதி தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்னும் வரம்பு 1922-ல் 60 ஆகவும், 1934-ல் 54 ஆகவும், சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 48 ஆகவும் குறைந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவே அரை மணியாவது இடைவேளை விடவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் விதி. சிங்காரவேலர் கொடியேற்றிச் சரியாக 100 ஆண்டுகள் கழிந்த 2023-ல், 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் ஒரு திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் ஏப்ரல் மாதம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தமையால் மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. ஆகவே அந்த வழக்கு முடிந்துபோனது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

அளவு மீறிய உழைப்பு உடலை என்ன செய்கிறது என்பதற்கு இப்போது கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவான பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் மாண்டார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி வரை உழைப்பவரைவிட இவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம்.

ஆனால் சட்டமும் சங்கமும் பெற்றுத் தரக்கூடியது நேரம் ஒன்றுதான். அந்த நேரத்துக்குள் நுழைந்து இளைப்பாறுவது வேறொரு காரியம். 'அவகாசம்' என்ற வடசொல்லை நாம் கால அளவைக் குறிக்கவே பயன்படுத்துகிறோம். அதன் முதற்பொருளோ இடம், வெளி என்பது. வெளி என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். எல்லையில்லாத நிலத்தில் எவர் மாடும் மேயும். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பாயை விரித்துப் படுத்தவரின் நிலைமையைப் பாருங்கள். தலைமாட்டில் கைப்பேசி கிடக்கிறது; காரியாலயத்திலிருந்து ஒரு செய்தி, உறவினர் அனுப்பிய படம், முடிவில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுவரும் துணுக்குக் காட்சிகள் என்று மணி இரண்டு கடந்துவிடுகிறது; எழுந்திருக்கும்போது படுத்தபோது இருந்ததைவிட ஆயாசம் அதிகமாக இருக்கிறது. பாண்டியன் காலத்துக் கங்காணி வைகைக் கரையில் நின்றான். மாலையில் வீட்டுக்குப் போனவனை அவன் தொடர்ந்து வரவில்லை.

கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டாலும் உபத்திரவம் தீர்ந்துவிடுவதில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா கிடக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. வெளியே கவனிக்க ஒன்றும் இல்லாத வேளையில் மூளையின் சில பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து மும்முரமாக இயங்குகின்றன என்பதையும், புறத்தே ஒரு செயலில் கருத்து ஊன்றியதும் அவை அடங்குகின்றன என்பதையும் அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்க்கஸ் ரெய்க்கலும் அவருடைய சகாக்களும் 2001-ல் விளக்கினார்கள். பழைய நினைவும் வருங்காலக் கவலையும் தன்னைப் பற்றிய விசாரமும் புரள்வது அந்தப் பகுதிகளில்தான். அதற்கும் பிரயோஜனம் உண்டு. புதிய எண்ணங்கள் முளைப்பதும் அங்கேதான் என்கிறார்கள். எனினும் கடனும் கவலையும் உள்ள மனிதனைச் சும்மா இரு என்று சொல்லிப் படுக்கவைத்தால், அவன் மனம் கடனையும் கவலையையும்தான் மேய்கிறது. ஓய்வுக்கு ஒரு வேலி வேண்டியிருக்கிறது. அந்த வேலி விளையாட்டு என்பதே நான் சொல்ல வந்தது. இதை நான் புஸ்தகத்தில் கற்கவில்லை, என் பெரியம்மாவிடம் கற்றேன்.

காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில், பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடும் வீடு அது. சித்திரை மாதத்து வெயில் முற்றத்தில் வெண்மையாகக் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பந்தி பரிமாறி, தானும் உண்டு, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பெரியம்மா கூடத்துக்கு வருவாள். எதிர்வீட்டு அம்மாள் அதற்குள் வந்து தூணில் சாய்ந்திருப்பாள். மீன் வடிவில் இரண்டாக மடியும் மரப் பல்லாங்குழியைப் பிரித்து நடுவே வைத்து, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகளைப் பகிர்ந்து முடிப்பதற்குள் வெற்றிலை போட்டாகிவிடும். பிறகு கூடத்தில் பேச்சு அநேகமாக நின்றுவிடும், மரத்தில் கொட்டை விழும் டொக் டொக் என்னும் ஓசையும், எப்போதாவது "அடியே, பார்த்துக்கொண்டே இருந்து பசுவை அள்ளிவிட்டாயே!" என்ற கூவலும்தான் கேட்கும். அந்த வேளையில் பெரியப்பா திண்ணையிலிருந்து, "தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார். பெரியம்மா தலை நிமிராமலே, "பானையிலே இருக்கு, மொண்டு குடியுங்க. இந்த ஆட்டம் முடியட்டும்" என்பாள். ஊரில் எல்லோரும் அஞ்சி நடந்த அந்த மனிதர் எழுந்து வந்து, பலகையைச் சுற்றிக்கொண்டு போய், மொண்டு குடித்துவிட்டுப் போவார்.

எத்தனையோ வருஷங்கள் கழித்துத்தான் அந்தக் காட்சியின் பொருள் எனக்கு விளங்கிற்று. பெரியம்மா பாயில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தால், அதே குரலுக்கு எழுந்து ஓடியிருப்பாள். அந்தக் காலத்து வீட்டில் ஒரு பெண்ணின் தூக்கத்தை எவரும் கலைக்கலாம். அவளுடைய ஆட்டத்தைக் கலைப்பது மட்டும் மரியாதையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினான்கு குழிகளே அவளுக்கு வேலியாக இருந்தன.

ஆட்டத்தின் அமைப்பும் அதற்கு ஏற்றதே. வரிசைக்கு 7 குழியாக இரண்டு வரிசை. ஒரு குழியிலுள்ளதை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாயிருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விடவேண்டும். நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்கு உடையவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று மனக்கணக்குப் போட வேண்டியிருப்பதால் மனம் வேறெங்கும் ஓட முடிவதில்லை. விரல்களோ விதைப்பதுபோல் தம் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் ஆப்பிரிக்காவில் எத்தனையோ பெயர்களில் உண்டு. மலாய் நாட்டில் சொங்காக் என்பார்கள். இலங்கையில் சிங்களவர்கள் ஒலிந்த கெலிய என்று புத்தாண்டு காலத்தில் ஆடுவார்கள். இத்தனை ஜாதி ஜனங்கள் ஒரே வித்தையைக் கைக்கொண்டிருப்பது, களைத்த மனிதனுக்கு எங்கும் ஒரே மருந்துதான் என்பதாலே போலும்.

டச்சு நாட்டுச் சரித்திராசிரியர் யோஹான் ஹூயிஸிங்கா, 1938-ல் வெளியான 'ஹோமோ லூடன்ஸ்' என்ற நூலில், விளையாட்டு நாகரிகத்துக்கு மூத்தது என்றும், அன்றாட வாழ்க்கைக்கு வெளியே தனக்கென்று இடமும் காலமும் வகுத்துக்கொண்டு, லாபத்தை நாடாமல், தானே விரும்பி ஏற்ற விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதே அதன் லக்ஷணம் என்றும் விரித்துக் கூறியிருக்கிறார். லாபத்தை நாடாமை என்பது முக்கியமானது. இன்று பெரியவர்கள் விளையாட வருவதுண்டு; ஆனால் உடல் எடையைக் குறைக்க, ஞாபகசக்தியை வளர்க்க, சக உத்தியோகஸ்தர்களோடு ஐக்கியத்தை உண்டாக்க என்று ஒரு பிரயோஜனத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள்; எத்தனை அடி நடந்தோம் என்று மணிக்கட்டில் ஒரு கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டங்கள் நல்லவையாக இருக்கலாம், ஆனால் அவை ஓய்வு ஆகமாட்டா என்பது என் அபிப்பிராயம். பல்லாங்குழியில் ஜெயித்த கொட்டைகளை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. மறுநாள் மீண்டும் குழிக்கு ஐந்துதான்.

விளையாட்டைக் குழந்தைகளுக்கு ஒதுக்கிவிடும் வழக்கம் நமக்கு அண்மையில் வந்ததே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டுமென்று விதித்த பெரியோர், கண்விழித்துக்கொண்டு பரமபத சோபான படம் ஆடலாம் என்று அனுமதித்தார்கள். அறுபது வயதுப் பாட்டனார் பெரிய பாம்பு தீண்டிக் கீழே இறங்கிப் பேரனோடு சேர்ந்து கூச்சலிடுவதில் பக்திக்குப் பங்கம் வந்ததாக எவரும் கருதவில்லை. கலியாணத்தில் நலங்கு வைத்தார்கள். முன்பின் பேசிப் பழகாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டி, அப்பளம் நொறுக்கி, சபை நடுவே சிரித்த பிறகே குடித்தனம் தொடங்கியது. நம் கோயில் மண்டபங்களின் கல் தளத்தில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் கொத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட அந்த ஆட்டத்துக்கு உளியெடுத்துக் கோடு கொத்தியவர்கள் குழந்தைகள் அல்லர். வளர்ந்த மனிதர்களின் கை அது. சந்நிதிக்குச் சில அடி தூரத்தில் அப்படிக் கொத்துவதற்கு அவர்கள் கூச்சப்படவும் இல்லை, கொத்தியதைச் செதுக்கி அழிக்க எவரும் துணியவும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஓய்வைப் பற்றி எழுதுவோர், ஓய்வு கிடைத்தவர்களையே எண்ணி எழுதிவிடுகிறோம். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுக்காரியங்களில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷங்களும் செலவிடுவது தெரியவந்தது. ஏறக்குறைய 5 மணி நேரம். அதற்குச் சம்பளமும் இல்லை, வார விடுமுறையும் இல்லை, லோகண்டேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பலகாரமும் கறியும் கூடுதலாகச் செய்ய வேண்டிய நாள் என்றே அந்தப் பெண்களுக்கு அர்த்தமாகிறது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்த பெண்களுக்கு உட்கார ஆசனம் வைத்தாக வேண்டும் என்று கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்றால், உட்காருவது என்கிற அற்பமான சுகம்கூட இந்நாட்டில் எவ்வளவு தாமதமாக எத்தனை பேருக்கு வந்துசேர்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கடைக்குப் போகும் நாம், பணிப்பெண் ஆசனத்தை விட்டு எழுந்திருக்கச் சற்றுத் தாமதித்தால் முகம் சுளிக்காமலிருப்பதும் அந்தச் சட்டத்தில் நம் பங்கு.

வீட்டுக்குள் இருப்பதைச் சரிசெய்யச் சட்டம் வேண்டியதில்லை. என் வீட்டில் பரணில் கிடந்த பெரியம்மாவின் பலகையை இறக்கித் துடைத்து மூன்று வருஷங்களாகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். பாத்திரங்களை ஆண்கள் கழுவி வைத்த பிறகே பலகை விரியும் என்பது ஏற்பாடு. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் கதியால் பிற்பகலில் விழிப்பு சற்றுத் தாழ்ந்து வருகிறது என்றும், அது உண்ட மயக்கம் மட்டும் அன்று, உண்ணாதவருக்கும் வருவது என்றும் உறக்கத்தை ஆராய்வோர் சொல்கிறார்கள். பெரிய காரியங்களுக்கு உதவாத அந்த நேரம் விளையாட்டுக்கு மிகவும் உகந்ததாக இருக்கிறது. ஆட்டம் முடிந்து பாயில் சாய்ந்தால் வரும் தூக்கம், நேரே போய்ப் படுத்தால் வருவதில்லை. முதல் சில வாரங்கள் என் கை தானாகக் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தது உண்மை. பிறகு அது நின்றுபோயிற்று. "அப்பா, நீங்கள் தோற்கும்போது சிரிக்கிறீர்கள்" என்று என் மகள் ஒருநாள் ஆச்சரியத்தோடு சொன்னாள். நான் தோற்று அவள் பார்த்ததே அதுவரை இல்லை போலும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பல்லாங்குழி கிடக்கக்கூடும். இல்லாவிட்டால், தரையில் சுண்ணக்கட்டியால் 14 வட்டங்கள் போட்டாலும் போதும். குழிக்கு 5 ஆக 70 புளியங்கொட்டைகள் வேண்டும், அவ்வளவே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும், உங்கள் வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்கிறவர் யாரோ அவரை முதலில் உட்காரச் சொல்லி, முதல் ஆட்டத்தை அவருக்குக் கொடுங்கள்.